பழைய கேசட்டுக்குப் புதிய உயிர்

கல்முனைக் கரையோரத்து வீடு ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அது மருதமுனையிலும் இருக்கலாம், சாய்ந்தமருதிலும் இருக்கலாம், நிந்தவூரிலும் இருக்கலாம். நோன்புப் பெருநாளை முன்னிட்டு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவு செய்யும் சிறுவனின் கையில் பழைய அட்டைப்பெட்டி ஒன்று அகப்படுகிறது. அதனுள்ளே, உள்ளங்கையளவில், மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூடு ஒன்று கிடக்கிறது.

“வாப்பா, இது பாட்டுக் கேசட்டா?”

“இல்லை மகன். டீவியிலே விளையாடுகிற கேசட். சின்ன வயதிலே மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்து தந்தது.”

“இப்போதும் வேலை செய்யுமா?”

தந்தை சிரிக்கிறார். அதே பெட்டியிலிருந்து விளையாட்டுக் கருவியையும் எடுத்துத் தொலைக்காட்சியுடன் இணைக்கிறார். பழைய வழக்கம் மறவாமல் கேசட்டின் வாயில் ஒருமுறை ஊதிவிட்டுச் செருகுகிறார். திரையில் சாம்பல் நிறம் ஒன்றே தெரிகிறது. மீண்டும் ஊதுகிறார், மீண்டும் சாம்பல் நிறந்தான். “பழுதாகிப் போயிற்று” என்று சொல்லி, குப்பையில் சேரவேண்டிய பொருட்களோடு அதையும் வைத்துவிடுகிறார்.

அந்தக் கேசட் உண்மையிலேயே பழுதாகிவிட்டதா? பழுதாகியிருந்தால், அதைப் போன்ற ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ள இயலுமா? இயலுமாயின், அவ்வாறு செய்வது முறையாகுமா? இந்த மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் கேசட் என்னும் இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் கருவி அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மாக்னவொக்ஸ் ஒடிசி என்பது அதன் பெயர். விளையாட்டை மாற்றுவதற்கு அதிலும் சிறு அட்டைகளைச் செருகினார்கள். ஆயினும் அந்த அட்டைகளில் விளையாட்டு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கருவிக்குள் இருந்த மின்சுற்றுக்களை வெவ்வேறு விதமாக இணைத்துவிடுவதே அவற்றின் வேலை. விளையாட்டு முழுவதையும் நினைவகச் சில்லு ஒன்றில் எழுதி, அந்தச் சில்லைக் கூட்டில் அடைத்து, விரும்பியபோது செருகவும் கழற்றவும் கூடியதாக விற்கும் முறை 1976ஆம் ஆண்டு நவம்பரில், பெயார்சைல்ட் நிறுவனத்தின் சனல் எப் என்னும் கருவியோடு வந்தது. இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர்கள் அல்பெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வாலஸ் கிர்ஷ்னர், லோரன்ஸ் ஹாஸ்கல் ஆகிய இருவர். அதனைச் சந்தைக்குரிய உறுதியான பொருளாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளர். ஒரு கருவியை ஒருமுறை வாங்கிவிட்டு, பின்னர் விளையாட்டுக்களை மட்டும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும் வழக்கம் அதன் பின்னரே பரவலாயிற்று.

நம் கரையோரத்து வீடுகளில் காணப்பட்ட கருவியின் மூதாதை ஜப்பானில் தோன்றியது. நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஃபேமிகாம் என்னும் கருவியை அங்கே வெளியிட்டது. மசாயுகி உவெமுரா என்பவர் அதனை வடிவமைத்தார். 1985ஆம் ஆண்டு அது வேறு உருவத்தில் அமெரிக்காவுக்குச் சென்றது. உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 19 இலட்சம் கருவிகள் விற்கப்பட்டன. எனினும் ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பெரும்பாலான பிள்ளைகள் கண்டது அந்த மூலக்கருவியை அன்று, அதன் நகல்களையே. ரஷ்யாவில் 1992ஆம் ஆண்டு டெண்டி என்ற பெயரில் வந்ததும், சீனாவில் சூபோர் என்ற பெயரில் வந்ததும் அத்தகைய நகல்களே. தொழில் தேடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களின் பயணப் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்தவையும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

அக்காலத்துச் சிறுவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். கேசட்டின் மேல் ‘9999 விளையாட்டுக்கள்’ என்று அச்சிட்டிருக்கும். ஆசையோடு பட்டியலைத் திறந்து பார்த்தால், சில விளையாட்டுக்களே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். ஒன்று முதற்கட்டத்தில் தொடங்கும். அதே விளையாட்டு வேறொரு பெயரில் மூன்றாம் கட்டத்தில் தொடங்கும். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் வியாபாரத் தந்திரம் அது. ஏமாற்றம் ஒருபுறமிருக்க, அந்தச் சில விளையாட்டுக்களும் பல மாலைப்பொழுதுகளை இன்பமாக்கின என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனிக் கேசட்டின் உட்புறத்தைப் பார்ப்போம். கூட்டைத் திறந்தால் பச்சை நிறச் சுற்றுப் பலகை ஒன்று இருக்கும். அதன் ஒரு விளிம்பில் சீப்பின் பற்களைப் போல உலோகக் கீற்றுக்கள் வரிசையாக நிற்கும். ஜப்பானிய முறைக் கேசட்டில் அவை 60; அமெரிக்க முறையில் 72. இந்தக் கீற்றுக்களே கருவிக்கும் கேசட்டுக்கும் இடையிலான வாயில்கள். பலகையின் மேல் இரண்டு நினைவகச் சில்லுக்கள் இருக்கும். ஒன்றில் விளையாட்டின் கட்டளைகளும் மற்றதில் படங்களும் எழுதப்பட்டிருக்கும்.

சில்லு எவ்வாறு பேசுகிறது? தபாற்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கருவியின் மூளையாகிய செயலி, ‘இந்த இலக்க வீட்டில் என்ன இருக்கிறது?’ என்று முகவரிக் கம்பிகள் வழியாகக் கேட்கிறது. சில்லு அந்த வீட்டில் உள்ளதைத் தரவுக் கம்பிகள் எட்டின் வழியாக அனுப்புகிறது. முகவரிக் கம்பி ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் உண்டு அல்லது இல்லை என்னும் இரண்டே நிலைகள். ஆகவே ஒரு கம்பி கூடும்போது வீடுகளின் தொகை இருமடங்காகும். 15 கம்பிகள் இருந்தால் 32,768 வீடுகள். இதுவே 32 கிலோபைட்டு. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இரும எண்களை மனனம் செய்யச் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களின் கையில் இந்தப் பலகையைக் கொடுத்துக் கம்பிகளை எண்ணச் சொன்னால், இரண்டின் அடுக்கு என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடும்.

1985ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது: கட்டளைகளுக்கு 32, படங்களுக்கு 8. இப்போது நேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பேச்சை இன்றைய கணினி முறையில் தமிழெழுத்தில் பதிந்தால், அதைவிடக் கூடிய இடம் வேண்டும். அவ்வளவு சிறிய இடத்தில் ஓர் உலகத்தையே அமைத்தவர்களின் சிக்கனத்தை வியவாதிருக்க முடியாது.

விளையாட்டுக்கள் வளர வளர 32 கிலோபைட்டு போதாமற் போயிற்று. செயலியோ அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கேசட்டிற் காண மாட்டாது. ஆகவே பொறியியலாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். பெரிய சில்லைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் செயலியின் கண்முன் கொண்டுவரும் துணைச் சில்லு ஒன்றைக் கேசட்டில் வைத்தனர். நூல்தாங்கியில் விரித்து வைத்த நூலில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களே தெரிந்தாலும், பக்கத்தைப் புரட்டினால் நூல் முழுவதையும் படிக்கலாமல்லவா? அதுபோன்றதே இது. விளையாட்டில் எட்டிய இடத்தைச் சேமித்துவைக்கவேண்டிய கேசட்டுக்களில் சிறிய மின்கலமும் வைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த த லெஜெண்ட் ஒஃப் செல்டா அத்தகையது. அந்த மின்கலம் தீர்ந்தால் சேமித்தது அழிந்துவிடும், விளையாட்டு அழியாது.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். அலுமாரியில் கண்டெடுத்த கேசட் பழுதாகிவிட்டதா? பெரும்பாலும் இல்லை. தொழிற்சாலையிலேயே எழுத்து வார்க்கப்பட்ட சில்லுக்கள் நெடுங்காலம் நிலைப்பவை. கெட்டுப்போவது விளிம்பில் உள்ள உலோகக் கீற்றே. கடற்காற்று வீசும் ஊர்களில் செம்பும் பித்தளையும் எவ்வளவு விரைவிற் களிம்பு ஏறும் என்பதைக் கல்முனைக் கரையில் வாழ்வோருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் களிம்பே மின்னோட்டத்தைத் தடுக்கிறது. வாயால் ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டுக் களிம்பு கூடுமேயன்றிக் குறையாது. கழற்றிச் செருகும்போது கீற்றுக்கள் உராய்ந்து சிறிது துப்புரவாவதையே, ஊதியதன் பயன் என்று நாம் தவறாக எண்ணினோம். ஐசோப்ரோப்பைல் அற்ககோல் என்னும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, அழுக்கு வராமற் போகும்வரை துடைத்து, நன்கு உலரவிட்டால், இறந்துபோனதாக எண்ணிய கேசட்டுக்களிற் பல எழுந்துவிடும். குப்பையில் எறிவதற்கு முன் செய்யவேண்டிய முதற் சிகிச்சை இது.

இரண்டாம் வினா: சில்லே கெட்டுவிட்டால், அல்லது கேசட்டே கிடைக்காவிட்டால், வீட்டில் ஒன்றைச் செய்ய இயலுமா? இயலும். உலகின் பல பாகங்களிலும் பொழுதுபோக்காக இதனைச் செய்பவர்கள் உள்ளனர். வேலையின் வரிசை இது.

முதலாவது, விளையாட்டைப் படித்தெடுத்தல். கேசட்டைச் செருகுவதற்குரிய வாயும் கணினியோடு இணைப்பும் உள்ள சிறு கருவி ஒன்று, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொன்றாகக் கேட்டு, கிடைத்த விடைகளைக் கோப்பாக எழுதிக்கொள்ளும். ஒரு கீற்றில் அழுக்கு இருந்தாலும் ஆயிரக்கணக்கான இடங்களிற் பிழை நேரும். ஆகவே இருமுறை மும்முறை படித்து, சரிபார்ப்பு எண் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது, புதிய சில்லில் எழுதுதல். இதற்கு உதவுவது ஈப்ரொம் என்னும் சில்லு வகை. இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய டோவ் ஃப்ரோமான் 1971ஆம் ஆண்டு இதனைக் கண்டுபிடித்தார். இந்தச் சில்லின் முதுகில் படிகக் கண்ணாடியால் ஆன சாளரம் ஒன்றுண்டு. ஏறத்தாழ 13 வோல்ட் மின்னழுத்தத்தில் எழுதலாம். புறஊதாக் கதிரை 15 முதல் 20 நிமிடம் வரை சாளரத்தின் வழியாகப் பாய்ச்சினால் எழுதியது அழிந்து, மீண்டும் வெற்றுப் பலகையாகும். 27சி256 என்று குறிக்கப்படும் சில்லு 32 கிலோபைட்டும் 27சி64 என்பது 8 கிலோபைட்டும் கொள்ளும். முன்னே சொன்ன 40 கிலோபைட்டு விளையாட்டு ஒன்றுக்கு இவ்விரண்டுமே போதும். ஆனால் எழுதி முடித்ததும் சாளரத்தின் மேல் ஒளிபுகாத தாளை ஒட்டிவிடவேண்டும். மறந்தால், நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எழுத்து அழிந்துவிடும். நம் கரையோர வெயிலைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகத்தில் சாளரம் தேவையில்லை, மின்சாரத்தாலேயே அழித்தெழுதலாம்.

மூன்றாவது, பலகை. சிலர் விலை குறைந்த பழைய கேசட் ஒன்றை வாங்கி, அதன் சில்லுக்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவர். ஒன்றைப் பிழைப்பிக்க மற்றொன்றைக் கொல்வதாகும் அது என்று பலர் இதனை விரும்புவதில்லை. மேலும் நம் பகுதிக்கு வந்த நகற் கேசட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் சில்லு, பலகையின் மேலேயே பதிக்கப்பட்டுக் கறுப்புப் பசைத்துளியால் மூடப்பட்டிருக்கும். அதனைக் கழற்ற முடியாது. எனவே புதிய பலகை செய்வதே சிறந்த வழி. இங்கே கவனிக்கவேண்டியது தடிப்பு. மூலக் கேசட்டுக்களின் பலகை 1.2 மில்லிமீற்றர், கடையில் பொதுவாகக் கிடைக்கும் பலகை 1.6 மில்லிமீற்றர். இந்தச் சிறு வேற்றுமையால் கருவியின் வாயில் உள்ள முட்கள் அகன்று, பின்னர் உண்மையான கேசட்டைச் செருகினாலும் தொடாமற் போகும்.

நான்காவது, ஈயம் வைத்துப் பொருத்துதல். பெரிய சில்லுக்களில், மூலச் சில்லின் கால்களும் புதிய சில்லின் கால்களும் ஒரே வரிசையில் அமைவதில்லை. 28 காலுள்ள சில்லின் இடத்தில் 32 காலுள்ளதை வைக்கும்போது, சில கால்களை மடித்து உயர்த்தி, மெல்லிய கம்பியால் உரிய இடத்துக்கு இணைக்கவேண்டும். அமெரிக்க முறைக் கருவிகளில் பூட்டுச் சில்லு ஒன்றும் உண்டு. கேசட்டில் அதற்குரிய இணைச் சில்லு இல்லாவிட்டால் கருவி இயங்காது. ஜப்பானிய ஃபேமிகாமிலோ அதன் நகல்களிலோ இந்தப் பூட்டு இல்லை.

ஐந்தாவது, பொறுமை. செருகுவதற்கு முன், மின்னேற்றக் கீற்றுக்கும் நிலக் கீற்றுக்கும் இடையில் குறுக்கிணைப்பு உண்டா என்று அளவுமானியால் பார்க்கவேண்டும். பார்க்காமற் செருகுபவர், 30 ஆண்டுகள் பிழைத்திருந்த கருவியை ஒரு நொடியில் இழக்கக்கூடும்.

இன்று இணையச் சந்தைகளில் மிக மலிவாக விற்கப்படும் மறுஆக்கக் கேசட்டுக்கள் பலவற்றில் இதைவிட மறைவான கேடு ஒன்றுண்டு. பழைய கருவிகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. இன்றைய ஃபிளாஷ் சில்லுக்களிற் பல 3.3 வோல்ட்டுக்கு உரியவை. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை மாற்றித்தரும் உறுப்பு இருக்கவேண்டும். செலவைக் குறைக்க அதனை விட்டுவிடுகிறார்கள். கேசட் அன்றைக்கு வேலை செய்யும், வாங்கியவரும் மகிழ்வார். ஆனால் சில்லும் கருவியும் நாளடைவில் நலிந்துபோக இடமுண்டு. உள்ளே செய்யவேண்டிய வேலையைச் செய்யாது மேலே அழகிய படம் ஒட்டுவது எத்தொழிலுக்கும் இழுக்கு. நூலின் தரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் மருதமுனை நெசவாளர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி மூன்றாம் வினா, மூன்றிலும் கடினமானது. இவ்வாறு படியெடுத்தல் முறையா?

விளையாட்டும் நூலைப்போல ஒருவர் மூளையிற் பிறந்த ஆக்கமே. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செயல்நிரல்களுக்கும் பதிப்புரிமை வழங்குகிறது. தான் முறைப்படி வாங்கிய செயல்நிரலுக்கு, மூலம் கெட்டால் உதவும் பொருட்டு, ஒரு படியை எடுத்து வைத்துக்கொள்ள உரிமையாளருக்கு அச்சட்டம் இடந்தருகிறது. பிறருடைய ஆக்கத்தைப் படியெடுத்து விற்பதற்கு அது இடந்தரவில்லை. ஆகவே தன் கேசட் கெடுமுன் தனக்கென ஒரு படி எடுத்து வைப்பவனையும், நூறு படிகள் செய்து, மூலத்தின் படத்தையே மேலே ஒட்டி, ‘இது அசல்’ என்று கூறி விற்பவனையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. இரண்டாமவன் ஆக்கியோனையும் ஏமாற்றுகிறான், வாங்குவோனையும் ஏமாற்றுகிறான். நேர்மையான கைவினைஞர்கள் தாம் செய்த கேசட்டின் பலகையிலேயே ‘மறுஆக்கம்’ என்று பொறித்துவிடுகின்றனர்.

இவ்வாறு சொன்னதும், ‘சட்டம் தெளிவாயிற்று; பேச்சும் முடிந்தது’ என்று நேயர்கள் எண்ணலாம். முடியவில்லை. சட்டம் பாதுகாக்கும் ஆக்கத்தை உரிமையாளரே கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று, 2010ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களில் 100க்கு 87 இப்போது சந்தையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று காட்டியது. பணம் கொடுக்க ஆயத்தமாக இருப்பவனுக்கும் அவை கிடையா.

இதற்கு மதர் என்னும் விளையாட்டின் கதை நல்ல எடுத்துக்காட்டு. ஷிகெசாத்தோ இத்தோய் என்னும் எழுத்தாளர் ஆக்கிய அவ்விளையாட்டு 1989ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதனை ஆங்கிலத்தில் ஆக்கும் வேலை 1990ஆம் ஆண்டு முடிந்தது. ஆனால் வெளியீடு கைவிடப்பட்டது. முடிந்த உழைப்பு ஒரு சில மாதிரிக் கேசட்டுக்களுக்குள் அடைபட்டது. 1998ஆம் ஆண்டளவில் அவற்றுள் ஒன்று ஆர்வலர்களின் கைக்கு எட்டியது. அவர்கள் அதனைப் படித்தெடுத்துப் பரப்பினர். பலர் தம் கையாலேயே கேசட் செய்து பழைய கருவியில் விளையாடினர். கடைசியில் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், அதே ஆங்கில ஆக்கத்தை நின்டெண்டோ நிறுவனமே முறைப்படி வெளியிட்டது. ஆக்கி முடித்துக் கால் நூற்றாண்டு கழிந்த பின்! இடைக்காலத்தில் அதனை உலகம் மறவாதிருந்ததற்குக் காரணம், உரிமை இல்லாத சிலர் எடுத்த படிகளே. இதைக்கொண்டு உரிமை மீறலை நியாயப்படுத்த வேண்டியதில்லை. படி எதுவும் எடுக்கப்படாதிருந்தால் உண்டாகும் நட்டத்தை நினைவிற் கொண்டாற் போதும்.

தமிழருக்கு இந்த நினைவு புதிதன்று. ஓலைச்சுவடிகளைச் செல் அரித்தது, நெருப்புத் தின்றது, ஆறு கொண்டுபோயிற்று. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய பெயரறியா மனிதர்கள் இல்லையேல், 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தையும் அச்சேற்ற உ. வே. சாமிநாதையரின் கைக்கு எதுவும் கிடைத்திராது. நம் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் அரபுத்தமிழில் எழுதப்பட்ட ஏடுகளைப் பேணிப் படியெடுத்த முன்னோர் இருந்தனர்.

படி இல்லாமையின் துயரத்தை இந்தக் கரை தன் உடம்பிலேயே அறிந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிருக்கு ஈடு எதுவுமில்லை. ஆயினும் அந்தத் துயரத்தின் பின், இறந்தவரின் முகத்தை ஒருமுறை பார்க்க நிழற்படம் ஒன்றேனும் கிடைக்காதா என்று தேடியோரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருந்த படங்கள் வீட்டோடு போயின. வேறோர் ஊரில் உள்ள மாமியின் வீட்டிலோ, வெளிநாட்டில் உள்ள காக்காவின் பெட்டியிலோ ஒரு படி இருந்தால், அதுவே மிஞ்சியது. ஒன்றாக இருப்பது ஒருநாள் இல்லாமற் போகும் என்னும் பாடத்தை விளையாட்டுக் கேசட்டிலிருந்து படித்தாலென்ன, குடும்பப் படத்திலிருந்து படித்தாலென்ன, பாடம் ஒன்றுதான்.

இந்தக் கைத்தொழிலுக்கு மற்றொரு முகமும் உண்டு. அது பிள்ளைகளுக்கு உரியது. கேசட் செய்யக் கற்றவன் பிறருடைய விளையாட்டைத்தான் அதில் எழுதவேண்டும் என்பதில்லை. தானே ஒன்றை ஆக்கி எழுதலாம். 2019ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த சிறு குழு ஒன்று, மைக்ரோ மேஜஸ் என்னும் புதிய விளையாட்டை அந்தப் பழைய கருவிக்காகவே ஆக்கியது. முன்னோரின் அளவை மதித்து, 40 கிலோபைட்டுக்குள்ளேயே அதனை அடக்கியது. அதிற் பதிப்புரிமைச் சிக்கல் எதுவுமில்லை. அவர்களது ஆக்கம் அவர்களது கேசட்டில். நம் ஊர்ப் பிள்ளை ஒருவன், கரைவலை இழுக்கும் தோணியையோ, வயலில் யானையை விரட்டும் காவற்காரனையோ வைத்து ஒரு விளையாட்டு ஆக்கினால், அதற்கும் அந்த இடம் போதும். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலைகளில் கணினிக் கூடங்கள் இருக்கின்றன. பழுதான வானொலியையும் கைத்தொலைபேசியையும் திருத்தும் கைத்திறனுள்ள இளைஞர்கள் கல்முனைக் கடைத்தெருவில் இருக்கிறார்கள். இவர்கள் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வதுதான் வேண்டியது.

அவ்வாறு அமரும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். ஈயப் புகையை முகர்தல் ஆகாது. சாளரத்தைத் திறந்துவைத்தே வேலை செய்யவேண்டும். புறஊதா விளக்கைக் கண்ணாற் பார்த்தல் கூடாது. சி.ஆர். 2032 என்னும் வட்ட மின்கலத்தின் மேல் நேரடியாகச் சூடுவைத்தால் அது வெடிக்கக்கூடும். காது பொருத்திய மின்கலத்தையே வாங்கவேண்டும். அதனைச் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைக்கவேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நேயர்களே, தொடங்கிய வீட்டுக்குத் திரும்புவோம். குப்பையோடு வைத்த கேசட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிறுவன் அதனை எடுத்துவந்து தந்தையிடம் நீட்டுகிறான்.

“வாப்பா, ஊதாமல் துடைத்துப் பார்ப்போமா?”

தந்தை பஞ்சை எடுக்கிறார். முதல் துடைப்பிற் பஞ்சு கறுக்கிறது, இரண்டாவதிற் பச்சை, ஐந்தாவதில் வெண்மையாகவே திரும்புகிறது. திரையில் படம் வருமோ வராதோ, அன்றைக்கே தெரிந்துவிடும். வந்தால், அது மறுபடி மங்குமுன் ஒரு படி எடுத்து வைப்பது மகனின் பொறுப்பு. வராவிட்டால், கூட்டைத் திறந்து ஏன் வரவில்லை என்று இருவரும் சேர்ந்து தேடலாம். பெருநாள் விடுமுறைக்கு இதைவிட நல்ல வேலை எது?